‘திரு’ என்று தட்டிப் பாருங்கள்

காரைக்கால் மாவட்டத்து ஊர்ப் பெயர்கள் சிலவற்றை ஒரு பட்டியலில் போட்டு, அதில் ‘திரு’ என்று தட்டித் தேடினால் திருநள்ளாறு, திருவேட்டக்குடி, திருமலைராயன்பட்டினம் மூன்றும் வந்து நிற்க வேண்டும். ‘தி’ என்றதோடு நிறுத்தினாலும் இந்த மூன்றும் வர வேண்டும். வெறும் ‘த’ என்று தட்டினால்? தருமபுரம் மட்டும் வந்தால் போதுமா, இவையும் கூடவே வர வேண்டுமா? புரோகிராமிங் கற்றுக்கொள்கிற ஒருவர் தன் கையால் ஒரு தேடுபெட்டியைச் செய்து முடித்து, ‘வேலை செய்கிறது’ என்று சொல்வதற்கு முன் இப்படிப்பட்ட கேள்விகளை அந்தப் பெட்டியிடம் கேட்டுப் பார்த்திருக்க வேண்டும். என்ன பதில் வரவேண்டும் என்பதைக் கேட்பதற்கு முன்பே முடிவு செய்திருக்கவும் வேண்டும். டெஸ்டிங் என்று பெரிதாகச் சொல்லப்படும் வேலையின் அடிப்படை இவ்வளவுதான்.

காரைக்காலில் கணினி படிக்க இடங்களுக்குக் குறைவில்லை. 2010இல் தொடங்கப்பட்ட புதுச்சேரி என்.ஐ.டி. இருப்பது திருவேட்டக்குடியில். நெடுங்காடு கொம்யூனில் பெருந்தலைவர் காமராசர் பெயரில் பொறியியல் கல்லூரி இருக்கிறது. பாலிடெக்னிக்கும் அரசுக் கலைக் கல்லூரிகளும் இருக்கின்றன. இங்கே ஒரு மாணவர் புராஜெக்ட்டுக்கு எதை எடுத்தாலும் சரி, நூலக உறுப்பினர் பதிவோ, கண் மருத்துவ முகாமுக்கு டோக்கனோ, திருநள்ளாற்றுச் சனிப்பெயர்ச்சிக்கு வரும் வண்டிகளுக்கு நிறுத்துமிடமோ, முதல் திரையில் ஒரு படிவம் வந்துவிடும். படிவத்தில் ‘ஊர்’ என்று ஒரு கட்டமும் இருக்கும். அந்தக் கட்டத்தையே எடுத்துக்கொள்வோம். ஓரிரு எழுத்து தட்டினால் பொருந்தும் ஊர்கள் கீழே வரிசையாகத் தெரிய வேண்டும். ஒன்றைத் தொட்டால் அது கட்டத்துக்குள் போய் உட்கார வேண்டும். பார்க்க எளிய சாமான். சோதிக்க ஆரம்பித்தால்தான் அதன் ஆழம் தெரியும்.

முதலில் ஒரு கேள்வி. இதை நீங்களே செய்யத்தான் வேண்டுமா? பிரவுசரிலேயே ரெடிமேட் கண்ட்ரோல் இருக்கிறது. எச்.டி.எம்.எல். தரும் ‘செலக்ட்’ பெட்டியைப் போட்டால், நீங்கள் ஒரு வரிகூட எழுதாமல் டேப் விசையில் அது நின்று போகும், அம்புக்குறி விசைக்கு நகரும், பார்வையற்றவரின் திரைவாசிப்பான் அதைச் சரியாக வாசிக்கும், கைப்பேசியில் விரலுக்கு வசதியாகப் பெரிதாக விரியும். இத்தனையும் பிரவுசர் எழுதியவர்கள் பல ஆண்டுகள் சோதித்துக் கொடுத்தவை. அதைத் தள்ளிவிட்டுச் சொந்தமாக ஒன்று செய்கிற கணத்தில் அந்தப் பொறுப்பு முழுவதும் உங்கள் தலைக்கு வருகிறது. 1992இல் பிராட் மையர்ஸும் மேரி பெத் ராசனும் நடத்திய ஒரு கணக்கெடுப்பில், ஒரு மென்பொருளின் கோடில் சராசரியாக 48 சதவீதம் திரை சார்ந்த வேலைக்கே போகிறது என்று தெரிந்தது. கிட்டத்தட்டப் பாதி. அதனால் செலக்ட் பெட்டி போதும் என்றால் அதோடு நிறுத்துவதே புத்திசாலித்தனம் என்பது என் உறுதியான கருத்து.

நம் ஊர்ப்பெட்டிக்கு அது போதாது. பாதிப் பெயரைத் தமிழில் தட்டும்போதே, எழுத்து இன்னும் முழுதாக உருவாகாத நிலையிலும், பொருத்தமான ஊர்கள் தெரிய வேண்டும். அந்த வேலையைச் செலக்ட் பெட்டி செய்து தராது. ஆகவே செய்வோம். ஆனால் கோடு எழுத உட்காரும் முன் ஒரு தாளில் அந்தப் பெட்டி கொடுக்கப்போகும் வாக்குகளைச் சாதாரணத் தமிழில் எழுதிவிட வேண்டும். ‘நிரவி என்று முழுதாகத் தட்டினால் நிரவி மட்டும் வரும்.’ ‘எதுவும் தட்டாவிட்டால் பட்டியல் மூடியே இருக்கும்.’ ‘எஸ்கேப் விசையை அழுத்தினால் பட்டியல் மூடும், தட்டிய எழுத்து அழியாது.’ ‘பட்டியலில் இல்லாத ஊரைத் தட்டினாலும் படிவம் அதை ஏற்கும்.’ ஒவ்வொரு வாக்கும் ஒரு டெஸ்ட். வாக்கு எழுதப்படாத இடத்தில் சோதிக்கவும் ஒன்றும் இல்லை; அது சரியா தவறா என்று யாராலும் சொல்ல முடியாது. கற்றுக்கொள்கிறவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான். டெஸ்ட் எழுதத் தெரியாததால் வரும் தடுமாற்றம் கொஞ்சம். எது சரி என்று முடிவு செய்யாமல் டெஸ்ட் எழுத உட்காருவதால் வருவதே அதிகம்.

இனித் தமிழைத் தட்டுவோம். பாடப்புத்தக உதாரணங்கள் எல்லாம் ஆங்கிலப் பெயரில் இருப்பதால், பலர் தங்கள் கண்ட்ரோலை ஆங்கிலத்தில் சோதித்து முடித்துவிட்டுத் தமிழைக் கடைசியில் ஒருமுறை தொட்டுப் பார்ப்பார்கள். வரிசையைத் திருப்பிப் போடுங்கள். ஆங்கிலத்தில் ஒரு தட்டுக்கு ஓர் எழுத்து விழும், விழுந்தது விழுந்ததுதான். தமிழில் அப்படி இல்லை. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி வந்த தமிழ்99 விசைப்பலகையில் முதலில் ‘த’ விழும். அடுத்து ‘இ’ விசையைத் தட்டினால் அது ‘தி’ ஆகும். மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய அஞ்சல் முறையிலோ, அதுபோல ஒலியை வைத்துத் தட்டும் வேறு முறைகளிலோ முதலில் ‘த்’ என்று புள்ளியோடு விழும். பிறகு உயிர் சேர்ந்து ‘தி’ ஆகும். அதாவது இந்த ஒலிமுறையில் ‘திரு’ என்று தட்டுகிறவரின் பெட்டிக்குள் ‘த்’, ‘தி’, ‘திர்’, ‘திரு’ என்று நான்கு நிலைகள் வந்து போகும்.

இப்போது உங்கள் தேடல் கோடு என்ன செய்யும் என்று பாருங்கள். ‘இந்த எழுத்துகளில் தொடங்கும் ஊர்’ என்று நேரடியாகத் தேடினால், ‘த்’ என்று தொடங்கும் ஊர் ஒன்றுமே இல்லை. பட்டியல் மறைந்து ‘ஊர் கிடைக்கவில்லை’ என்று ஒரு வரி மின்னும். ‘தி’ வந்ததும் மூன்று ஊர்கள். ‘திர்’ வந்ததும் மறுபடி ‘கிடைக்கவில்லை’. ‘திரு’ வந்ததும் மறுபடி மூன்று. வேகமாகத் தட்டுகிறவருக்குத் திரை துடிப்பது போல இருக்கும். மெதுவாகத் தட்டும் ஒரு பெரியவர் முதல் எழுத்திலேயே ‘கிடைக்கவில்லை’ என்பதைப் படித்துவிட்டுக் கையை எடுத்துவிடுவார். தமிழ்99இல் மட்டும் சோதித்தவருக்கு இந்தப் பிழை கண்ணிலேயே படாது.

தீர்வு சிறியது. தட்டியதன் கடைசியில் புள்ளி இருந்தால், தேடுவதற்கு முன் அதை மட்டும் உதிர்த்துவிட வேண்டும். ‘த்’ என்பது ‘த’ ஆகிவிடும், ‘திர்’ என்பது ‘திர’ ஆகிவிடும். யூனிகோடில் ‘தி’ என்பது ஒரே குறி இல்லை. ‘த’ என்ற குறியும் இகரக் கொக்கிக்கான குறியும் அடுத்தடுத்து வைக்கப்பட்டவை. ஆகவே கணினியின் கணக்கில் ‘திரு’ என்பது ‘திர’ என்பதில்தான் தொடங்குகிறது, தேடல் கிடைத்துவிடும். ‘காரைக்கால்’ என்று முழுதாகத் தட்டினாலும் கெடுதல் இல்லை, கடைசிப் புள்ளி போனாலும் பெயர் பொருந்தும். தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கும் இதிலேயே விடை இருக்கிறது. ‘த’ என்று தட்டியவர் தருமபுரத்தைத் தேடுகிறாரா, திருநள்ளாற்றுக்குப் பாதி வழியில் நிற்கிறாரா என்று அந்த நிலையில் யாருக்கும் தெரியாது. இரண்டையும் காட்டுவதுதான் நியாயம்.

இதே குறிக் கணக்கு இன்னோர் இடத்தில் காலை வாரும். பொருந்திய பகுதியைத் தடித்த எழுத்தில் காட்டுவது வழக்கம். ‘திர’ வரை பொருந்தியது என்று அந்தப் பகுதியை மட்டும் தனியாக வெட்டித் தடித்த எழுத்தாக்கினால், மீதி உகரக் குறியில் தொடங்கும். தாங்கிக்கொள்ள எழுத்தில்லாத அந்தக் குறி ஒரு புள்ளிவட்டத்தின் மேல் ஒட்டிக்கொண்டு திரையில் நிற்கும். திருநள்ளாறு என்ற பெயர் உடைந்து போகும். தேடுவதற்குக் குறிக் கணக்கு, காட்டுவதற்கு எழுத்துக் கணக்கு என்று இரண்டையும் பிரித்து வைக்க வேண்டும். எழுத்தெழுத்தாகப் பிரித்துக் கொடுக்க ஜாவாஸ்கிரிப்டிலேயே ‘செக்மென்டர்’ என்று ஒரு கருவி இருக்கிறது. 2024 ஏப்ரலில் ஃபயர்ஃபாக்ஸும் அதைச் சேர்த்துக்கொண்ட பிறகு முக்கியமான எல்லா பிரவுசர்களிலும் அது கிடைக்கிறது.

திருமலைராயன்பட்டினத்தை உங்கள் சோதனைப் பட்டியலில் எப்போதும் வைத்திருங்கள். எண்ணினால் 12 எழுத்து. யூனிகோடு கணக்கில் 20 குறிகள். சேமிக்கும்போது யு.டி.எஃப்-8 முறையில் 60 பைட். ஊர்ப் பெயருக்கு 15 எழுத்து தாராளம் என்று நினைத்துக் கட்டத்துக்கு உச்ச அளவு 15 என்று போட்டால், அந்த அளவை பிரவுசர் குறிகளில்தான் எண்ணும். கட்டம் ‘திருமலைராயன்பட்’ என்பதோடு நின்றுவிடும். டேட்டாபேஸில் 50 பைட் ஒதுக்கியிருந்தால் அங்கே இன்னொரு வெட்டு விழும். ‘நிரவி’ என்ற மூன்றெழுத்துப் பெயரை வைத்து மட்டும் சோதித்தவருக்கு எல்லாம் சரியாகத்தான் தெரியும். நீளமான பெயரைக் குறுகலான கைப்பேசித் திரையிலும் போட்டுப் பாருங்கள். வரி மடிகிறதா, ஓரத்தில் அறுபடுகிறதா, உகர ஊகாரக் குறிகளின் அடிப்பகுதி கட்டத்தின் கோட்டில் மறைகிறதா என்று நின்று கவனியுங்கள். ஆங்கில எழுத்துக்கென்று வைத்த வரி உயரம் தமிழுக்குப் பல இடங்களில் போதாது.

கோட்டுச்சேரி வேறு விதமான சோதனை. அதன் முதலெழுத்தான ‘கோ’ கணினிக்குள் இரண்டு விதமாக இருக்க முடியும். ககரத்தோடு ஓகாரக் குறி ஒன்றாகச் சேர்ந்தது ஒரு விதம். ககரம், இரட்டைச் சுழிக்கொம்பு, துணைக்கால் என்று மூன்றாகப் பிரிந்து கிடப்பது இன்னொரு விதம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. கணினிக்கு இரண்டு வேறு சொற்கள். பழைய எழுத்துருக்களிலிருந்து மாற்றிய கோப்புகளில் இரண்டாவது விதம் கிடைக்க வாய்ப்பு உண்டு. பட்டியல் ஒரு விதத்திலும் தட்டுவது இன்னொரு விதத்திலும் இருந்தால், கண்முன்னே தெரியும் கோட்டுச்சேரியைப் பெட்டி ‘இல்லை’ என்று சொல்லும். யூனிகோடே இதற்கு ‘நார்மலைஸ்’ செய்யும் வழியைக் கொடுத்திருக்கிறது. பட்டியலையும் தட்டியதையும் ஒரே விதமாக்கிவிட்டு ஒப்பிட வேண்டும். இதற்கான டெஸ்டை எழுதும்போது இரண்டு வித ‘கோ’வையும் வேண்டுமென்றே உருவாக்கி வையுங்கள். வாட்ஸ்அப்பில் இருந்து நகலெடுத்து ஒட்டிய பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முன்னாலோ பின்னாலோ ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டு வந்திருக்கும்.

அகரவரிசை பற்றி ஒரு வார்த்தை. யூனிகோடு குறிகளின் வரிசை நம் அகராதி வரிசை ஆகாது. மரம், மலை, மறம் என்பது அகராதி முறை. சாதாரணமாக வரிசைப்படுத்தச் சொன்னால் கணினி மரம், மறம், மலை என்று கொடுக்கும். தமிழ் முறைப்படி வரிசைப்படுத்து என்று மொழியைக் குறிப்பிட்டுச் சொல்ல வேண்டும்.

தட்டுவது சரியாயிற்று. இனித் தேர்ந்தெடுப்பது. இந்த வகைக் கண்ட்ரோலைச் செய்கிற பலரும் முட்டி நிற்கும் ஒரு பிழை இங்கே இருக்கிறது. அதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். ‘பெட்டியை விட்டு வெளியே போனால் பட்டியல் மூட வேண்டும்’ என்று எழுதியிருப்பீர்கள். நியாயமான வாக்குதான். இப்போது ஒருவர் பட்டியலில் ‘திருநள்ளாறு’ மேல் மவுஸை வைத்து அழுத்துகிறார். பிரவுசர் இதை மூன்று படிகளாகப் பார்க்கிறது. பொத்தான் கீழே போனது முதல் படி. பெட்டி கவனத்தை இழந்தது இரண்டாவது. பொத்தான் மேலே வந்து கிளிக் நிறைவேறியது மூன்றாவது. இரண்டாவது படியிலேயே உங்கள் கோடு பட்டியலை மூடிவிடும். மூன்றாவது படி வரும்போது அங்கே திருநள்ளாறே இல்லை. அழுத்தியவர் பார்ப்பது இதுதான்: பெயரைத் தொட்டார், பட்டியல் மறைந்தது, கட்டம் காலி.

இதற்கு எல்லாரும் முதலில் செய்யும் வைத்தியம், பட்டியலை மூடுவதை ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு தாமதப்படுத்துவது. உங்கள் லேப்டாப்பில் பிழை மறைந்துவிடும். பொத்தானை அழுத்திக் கொஞ்சம் நிதானித்து விடுகிற கைக்கு, நடுக்கமுள்ள கைக்கு, அந்தத் தாமதம் போதாது. பிழை திரும்பி வரும். சரியான வழி, பட்டியலின் மேல் பொத்தான் கீழே போகும் முதல் படியிலேயே, பெட்டி கவனத்தை இழக்காமல் தடுத்துவிடுவது. சோதிக்கும்போது மவுஸை அழுத்தி அப்படியே பிடித்து, ஒன்று இரண்டு எண்ணிவிட்டு விடுங்கள். அழுத்திய பின் விரலை வேறு ஊருக்கு நகர்த்தி விட்டால் எது தேர்வாகிறது என்றும் பாருங்கள்.

பிறகு மவுஸை ஓரமாக வைத்துவிடுங்கள். டேப் விசையால் பெட்டிக்குள் வர முடிகிறதா? கீழம்புக்குறியால் பட்டியலுக்குள் இறங்க முடிகிறதா? கடைசி ஊருக்குப் பிறகு இன்னொரு முறை கீழே போனால் என்ன ஆகிறது? என்டர் அழுத்தினால் ஊர் தேர்வாகிறதா, அல்லது படிவமே அனுப்பப்பட்டுவிடுகிறதா? தமிழ் உள்ளீட்டில் இந்தக் கடைசிக் கேள்விக்கு ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. சில உள்ளீட்டு முறைகளில், உருவாகிக்கொண்டிருக்கும் சொல்லை உறுதி செய்யவே என்டர் அழுத்துவார்கள். அதைப் பெட்டி ‘தேர்ந்தெடு’ என்று எடுத்துக்கொண்டால் கேட்காத ஊர் விழும். சொல் இன்னும் உருவாகிக்கொண்டிருக்கிறதா என்பதை பிரவுசர் சொல்லும். அதைக் கேட்டுவிட்டுத்தான் என்டருக்குப் பதில் கொடுக்க வேண்டும். இத்தகைய பெட்டிக்கு எந்த விசை என்ன செய்ய வேண்டும் என்று வலைத்தளத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு விரிவான வழிகாட்டியே வெளியிட்டிருக்கிறது. ‘காம்போபாக்ஸ்’ என்ற தலைப்பில் இருக்கும் அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு விசை விசையாக அழுத்திப் பார்ப்பது ஒரு மாலைப்பொழுது வேலை.

அதற்கும் அடுத்தபடி, திரையை அணைத்துவிட்டுக் காதால் சோதிப்பது. என்.வி.டி.ஏ. என்ற இலவசத் திரைவாசிப்பானை, பார்வையற்றவரான ஆஸ்திரேலியர் மைக்கேல் கரன் 2006இல் தொடங்கினார். விண்டோஸ் கணினியில் அதை நிறுவிவிட்டு உங்கள் பெட்டிக்குள் போங்கள். ‘ஊர்’ என்ற பெயர் காதில் விழுகிறதா? பட்டியல் விரிந்ததைச் சொல்கிறதா? அம்புக்குறியில் நகரும்போது ஒவ்வொரு ஊரும் உச்சரிக்கப்படுகிறதா? கண்ணுக்கு அழகாக இருக்கும் கண்ட்ரோல்கள் பல இந்த இடத்தில் ஊமையாகிவிடுகின்றன. திரையில் நீங்கள் வரைந்த பட்டியல் ஒரு பட்டியல் என்று திரைவாசிப்பானுக்குத் தெரிய, அதற்குரிய ‘ஏரியா’ குறிப்புகளைக் கோடில் எழுத வேண்டும். பக்கத்தின் மொழி தமிழ் என்று குறித்திருக்கிறீர்களா என்பதும் முக்கியம். இல்லாவிட்டால் ஆங்கிலக் குரல் தமிழ்ப் பெயர்களைத் தாண்டிப் போய்விடக்கூடும். இதைக் கூடுதல் அழகு வேலை என்று நினைக்கக் கூடாது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இதைக் கேட்கிறது. 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம், டிஜிட்டல் சேவைகளை அணுகும் வாய்ப்பு அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்றே தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. கண் மருத்துவ முகாமுக்கு டோக்கன் வாங்கும் படிவம் கண் தெரியாதவருக்குத் திறக்கவில்லை என்றால் அந்தப் படிவம் எதற்கு?

விரலையும் மறக்க வேண்டாம். டபிள்யூ3சியின் 2023ஆம் ஆண்டுத் தரம், தொடும் இடம் பொதுவாக 24க்கு 24 பிக்சலுக்குக் குறையக் கூடாது என்கிறது. அது குறைந்தபட்சம். வயல் வேலையும் வலை வேலையும் பார்த்துத் தடித்த விரல்களுக்கு அதைப்போல இரண்டு மடங்கு கொடுத்தாலும் தகும்.

இதுவரை கையால் சோதித்தோம். ஒவ்வொரு முறை கோடை மாற்றும்போதும் இத்தனையையும் மறுபடி கையால் செய்ய முடியாது. அங்கேதான் தானியங்கி டெஸ்ட் வருகிறது. 1997இல் கென்ட் பெக்கும் எரிக் காமாவும் ஜாவா மொழிக்கு ஜேயூனிட் என்ற சிறு கருவியை எழுதினார்கள். இன்று ஏறக்குறைய எல்லா மொழிகளிலும் அதன் வாரிசுகள் இருக்கின்றன. டெஸ்டின் வடிவம் எளிது: நிலைமையை ஏற்படுத்து, ஒரு செயலைச் செய், வந்தது எதிர்பார்த்ததுதானா என்று பார். நம் பெட்டியில் தேடும் பகுதியைத் திரையிலிருந்து பிரித்துத் தனிச் செயற்கூறாக எழுதிவிட்டால் பாதி வேலை முடிந்தது. ‘த்’ கொடுத்தால் நான்கு ஊர், ‘திர்’ கொடுத்தால் மூன்று, பிரிந்த ‘கோ’ கொடுத்தாலும் கோட்டுச்சேரி, வெற்றிடம் கொடுத்தால் ஒன்றும் இல்லை என்று உள்ளே போவதையும் வெளியே வரவேண்டியதையும் அட்டவணையாக எழுதி ஓட்டலாம். கண் இமைக்கும் நேரத்தில் ஓடிவிடும்.

இதில் ஒரு பழக்கத்தை முதல் நாளே பிடித்துக்கொள்ள வேண்டும். டெஸ்ட் எழுதியதும், புள்ளியை உதிர்க்கும் வரியை வேண்டுமென்றே நீக்கிவிட்டு ஓட்டிப் பாருங்கள். டெஸ்ட் தோற்றுச் சிவப்பாக வேண்டும். சிவப்பாகாவிட்டால் அந்த டெஸ்ட் எதையும் காக்கவில்லை. கற்கும் காலத்தில் எழுதப்படும் டெஸ்டுகள் பல, கோடு சரியாக இருந்தாலும் தவறாக இருந்தாலும் பச்சையாகவே நிற்கும். அவை இருப்பதை விட இல்லாமல் இருப்பது மேல்.

திரையோடு சேர்த்துச் சோதிக்க பிளேரைட் போன்ற கருவிகள் உண்மையான பிரவுசரைத் திறந்து, தட்டி, அழுத்திக் காட்டும். அவற்றில் பெட்டியைத் தேடும்போது நீங்கள் கோடுக்குள் வைத்த உட்பெயரால் தேடாமல், ‘ஊர் என்ற பெயருள்ள பெட்டி’ என்று பயன்படுத்துகிறவர் அறியும் பெயரால் தேடுங்கள். அப்போது திரைவாசிப்பானுக்கான குறிப்பு விட்டுப்போயிருந்தாலும் அதே டெஸ்ட் காட்டிக்கொடுக்கும். ஆனால் இந்தக் கருவிகள் ஒரு சொல்லை நிரப்பச் சொன்னால் முழுச் சொல்லையும் ஒரே அடியாகக் கட்டத்தில் போட்டுவிடும். ‘த்’, ‘தி’, ‘திர்’ என்று எழுத்து உருமாறும் இடைநிலைகளை அவை தாமாகக் கடப்பதில்லை. எனவே தமிழ்99 ஒருமுறை, ஒலிமுறை ஒருமுறை, ஆண்ட்ராய்டு விசைப்பலகை ஒருமுறை, குரலால் சொல்லி ஒருமுறை என்று நாமே சோதித்துப் பார்க்கும் வேலை எப்போதும் மிச்சமிருக்கும்.

கடைசியாக, பட்டியலுக்குள் இருப்பதையும் சோதிக்க வேண்டும். காரைக்கால் புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்தது. சுற்றிலும் நிலம் தமிழ்நாடு. வடக்கே மயிலாடுதுறை, மேற்கே திருவாரூர், தெற்கே நாகப்பட்டினம் மாவட்டங்கள். மயிலாடுதுறை தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியது 2020 டிசம்பரில்தான். அதற்கு முன்பு தயாரித்த பட்டியலை எடுத்துப் போட்டால் தரங்கம்பாடியும் பொறையாறும் நாகப்பட்டினத்தில் கிடக்கும். அஞ்சல் குறியீட்டை வைத்து மாநிலத்தைத் தானாக நிரப்பும் கண்ட்ரோல் இங்கே உறுதியாகச் சறுக்கும். மயிலாடுதுறைக்கு 609001, காரைக்காலுக்கு 609602. முதல் மூன்று எண்ணைப் பார்த்துத் தமிழ்நாடு என்று நிரப்பினால் காரைக்கால்காரர் தன் வீட்டிலேயே வேற்று மாநிலத்தவர் ஆகிவிடுவார். இந்த இரண்டு எண்களையும் அடுத்தடுத்துக் கொடுத்து ஒரு டெஸ்ட் எழுதுங்கள்.

பெயர்களின் வேறு வடிவங்களும் வேண்டும். திருமலைராயன்பட்டினத்தைத் திருப்பட்டினம் என்பார்கள், டி.ஆர்.பட்டினம் என்பார்கள். எப்படித் தட்டினாலும் ஒரே ஊருக்குப் போய்ச் சேர வேண்டும். பிரெஞ்சு ஆட்சி 1954 நவம்பர் 1 அன்று இங்கிருந்து விலகியது. ஆனால் பிரான்சில் குடியேறிய குடும்பங்களின் பழைய தாள்களில் காரைக்கால் என்பது ரோமன் எழுத்தில் ஓர் ‘ஏ’ குறைந்த பிரெஞ்சு எழுத்துக்கூட்டலோடு இருக்கிறது. பாரிஸிலிருந்து ஒருவர் அந்தத் தாளைப் பார்த்து அப்படியே தட்டினாலும் ஊர் கிடைக்க வேண்டும்.

காரைக்கால் மருத்துவமனைக்கும் கல்லூரிக்கும் நாகூரிலிருந்து வருகிறார்கள், பொறையாற்றிலிருந்து வருகிறார்கள். அந்த ஊர்கள் உங்கள் பட்டியலில் இராது. ‘நாகூர்’ என்று முழுதாகத் தட்டிவிட்டு டேப் அழுத்திப் பாருங்கள். கட்டம் அதை வைத்துக்கொள்கிறதா, துடைத்துவிடுகிறதா, அல்லது கடைசியாகக் காட்டிய வேறொரு ஊரைத் தானே எடுத்துப் போட்டுக்கொள்கிறதா? வைத்துக்கொண்டால் படிவத்தை அனுப்பிவிட்டு, டேட்டாபேஸைத் திறந்து, உள்ளே போய்ச் சேர்ந்ததும் ‘நாகூர்’தானா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.